காளான் குடில் கட்டுவோர் கவனத்திற்கு

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோருக்காகச் சொல்லப்பட்ட இவ்வுரை காளான் வளர்ப்பதற்குக் குடில் கட்டுவோருக்கும் முற்றும் பொருந்துவதாகும்.

கருவேப்பிலங்குறிச்சியிலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் நம் அங்கத்தினர்கள் சிலர், சங்கத்தின் பொதுவில் பெரியதொரு காளான் குடில் அமைக்கலாகாதா என்று கேட்டு வருகின்றனர். நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொள்ளும்படி, ஒரே கூரையின் கீழ், ஒரே கூடமாகக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நோக்கம் நல்லதே. நெல் அறுவடைக்குப் பின் வைக்கோல் நம்மிடம் உண்டு. தறியில் வேலை குறைந்த நாட்களில் நெசவாளர் வீட்டுக் கைகளும் உண்டு. ஆனால் கட்டடத்தில் போடப்படும் பணம் நெசவாளர் கூலியிலிருந்தும் உழவர் விளைச்சலிலிருந்தும் சிறுகச் சிறுகச் சேர்ந்த பங்குப் பணமாகும். அது ஒரு பருவத்தில் பூசணத்துக்கு இரையாகுமானால், அடுத்த நற்காரியத்துக்கு அங்கத்தினர் எவரும் முன்வரமாட்டார். ஆகவே செங்கல் வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் கடமை.

காளானின் வரலாறு

பச்சையம் இல்லாத காளானுக்கு வெயில் வேண்டுவதில்லை; இருளும் ஈரமும் குளிர்ச்சியுமே வேண்டும். இதனை உணர்ந்த பிரெஞ்சு நாட்டார், பாரிஸ் நகரையடுத்துக் கைவிடப்பட்டிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காளான் பயிரிட்டனர். அமெரிக்க நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்துக் கென்னட் ஸ்குவேர் என்னும் ஊரில், 1880-களில் பூ வளர்ப்போர் தம் கண்ணாடி வீட்டு மேடைகளின் அடியில் வீணே கிடந்த இடத்தில் காளானை விளைவித்தனர். பூவுக்கு வேண்டிய காற்றும் வெப்பமும் வேறு, காளானுக்கு வேண்டியவை வேறு என்று விரைவிலேயே கண்டு, காளானுக்கெனத் தனி வீடுகள் கட்டலாயினர். பிற்காலத்தில் அவ்வூரே அந்நாட்டுக் காளான் தொழிலுக்குத் தலைமை இடமாயிற்று.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. கோயம்புத்தூரில் 1940-களிலேயே வைக்கோற் காளான் பயிரிடும் முறை ஆராயப்பட்டது. 1962-இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் நெல் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை விளக்கினர். மொட்டுக் காளானுக்குப் பேர்பெற்ற இமாசலப் பிரதேசத்துச் சோலன் நகரம் 1997-இல் இந்தியாவின் காளான் நகரம் என்று அறிவிக்கப்பட்டது. மலைக் குளிரில் வளரும் அம்மொட்டுக் காளான் நம் சமவெளிக்கு ஏற்றதன்று. நமக்கு உற்றவை சிப்பிக் காளானும் பால் காளானும் ஆகிய இரண்டே. பால் காளான் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் விவரிக்கப்பட்டது. அதனைச் சமவெளி உழவருக்குரிய பயிராக்கிய பெருமை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சாரும். அப்பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்னும் ரகம் அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கியது.

அறையின் அளவைக் கூறுவது நாட்கணக்கு

குடில் எத்தனை அடி நீளம் இருக்க வேண்டும் என்பதே அங்கத்தினர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாளொன்றுக்கு எத்தனை படுக்கைகள் போடுவோம்? இதற்கு விடை கிடைத்தால் மற்றவை தாமே அமையும்.

சிப்பிக் காளான் படுக்கை போடும் முறையைச் சுருங்கக் கூறுவோம். வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, நல்ல நீரில் 5 மணி நேரம் ஊறவைத்து, பின் கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். வடித்து உலர்த்துகையில் ஈரம் 65 சதம் இருத்தல் வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டலாகாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலிதீன் பையில் வைக்கோலையும் வித்தையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் இரு துளைகள் இட்டுக் கட்டுவர். அடுக்கொன்றுக்குச் சுமார் 25 கிராம் வீதம் நான்கு அடுக்குகளுக்கு 100 கிராம் வித்துச் செல்லும். முதல் 15 முதல் 20 நாட்கள் வரை வித்துப் பரவும் அறையில் இருக்கும். பூசண இழை பரவிப் படுக்கை வெண்மையானதும் பையைக் கிழித்துவிட்டு, காளான் விளையும் அறைக்கு மாற்றுவர். மூன்றாம் நாள் மொட்டுத் தோன்றும். அடுத்த மூன்று நாளில் பறிக்கலாம். மேற்பரப்பைச் சுரண்டி நீர் தெளித்து வந்தால் இரண்டாம், மூன்றாம் பறிப்பும் கிடைக்கும். இவை யாவும் முடிய ஏறத்தாழ 25 நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நாள்தோறும் 40 படுக்கைகள் போடுவதாகக் கருதுவோம். பரவும் அறையில் எந்நேரமும் 40 பெருக்கல் 20, அதாவது 800 படுக்கைகள் இருக்கும். விளையும் அறையில் 40 பெருக்கல் 25, அதாவது 1,000 படுக்கைகள் இருக்கும். ஆக, பரவும் அறையைக் காட்டிலும் விளையும் அறை பெரிதாக இருத்தல் அவசியம். இரண்டையும் சமமாகக் கட்டிவிட்டு, பின்னர் இடமின்றி இடைவழியில் படுக்கைகளை அடுக்கித் தவிப்போர் உண்டு.

ஒரே கூடம் ஏன் ஆகாது?

நாம் நேரில் கண்ட ஒன்றை இங்கே கூறல் தகும். வேறொரு மாவட்டத்தில் ஆர்வம் மிக்க சிலர் கூடி, ஆயிரம் படுக்கைகள் கொள்ளும் ஒரே கூடம் கட்டியிருந்தனர். உள்ளே நுழைந்ததும் புளித்த வாடை வீசியது. வேகாத வைக்கோலால் போடப்பட்ட சில படுக்கைகளில் பச்சைப் பூசணம் தோன்றி, அதன் தூள் காற்றிலும் தண்ணீர்த் துளியிலும் தொழிலாளர் கையிலும் ஏறி, கூடம் முழுவதும் பரவிவிட்டது. பழைய படுக்கை வெளியேறுமுன் புதிய படுக்கை உள்ளே வந்துகொண்டே இருந்தபடியால், கூடத்தை ஒரு நாளேனும் காலி செய்து கழுவ அவர்களுக்கு வழியில்லை. இறுதியில் எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டினர்.

பெருங்கூடத்தின் குறை இதுவே. அது ஒருபோதும் ஓய்வதில்லை. ஓயாத கூடம் தூய்மையாவதில்லை.

ஆகவே நாம் கூறும் யோசனை யாதெனில், வாரத்துக்கு ஓர் அறை என்று பிரித்துக் கட்டுவதாகும். நாளொன்றுக்கு 40 வீதம் ஏழு நாளில் 280 படுக்கைகள் ஓர் அறையை நிரப்பும். கடைசியில் வந்த படுக்கை 25 நாட்கள் கழித்து வெளியேறும். ஆக 32 நாட்களில் அவ்வறை காலியாகிவிடும். இத்தகைய விளையும் அறைகள் ஐந்து இருக்குமாயின், மறுமுறை அதன் வரிசை வருவது 35-ஆம் நாள் முடிந்த பின்னரே. இடையில் கிடைக்கும் மூன்று நாட்களில் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உலரவிடலாம். பரவும் அறைகள் இதே அளவில் மூன்று போதும். ஓர் அறையில் நோய் வந்தால் அவ்வறையை மூடலாம், மற்றவை பிழைக்கும்.

அறையை அமைக்கும் விதம்

ஓர் அறை 20 அடி நீளமும் 15 அடி அகலமும் இருந்தால் மேற்சொன்ன 280 படுக்கைகளுக்குப் போதும். படுக்கைகளை உறி கட்டித் தொங்கவிடுவதே சிக்கனமான முறை. உறி ஒன்றுக்கு நான்கு படுக்கைகள் வீதம் 70 உறிகள் வேண்டும். ஒன்றரை அடிக்கு ஓர் உறியாக, மூன்று இரட்டை வரிசைகளில் கட்டி, வரிசைகளின் இடையிலும் இருபுறச் சுவரோரத்திலும் 2 அடி வழி விடுக. உறியின் அடிப் படுக்கை தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே சுவரின் உயரம் 9 அடிக்குக் குறையலாகாது.

இங்கே பலர் செய்யும் பிழையொன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். ஈரப் படுக்கை ஒன்று 3 கிலோ எடையெனில், 280 படுக்கைகளின் எடை 840 கிலோ ஆகும். இச்சுமையைக் கூரையின் விட்டத்திலும் மூங்கிலிலும் தொங்கவிட்டால், மழையில் நனைந்து கனத்த கீற்றுடன் கூரை முழுவதும் ஒரு நாள் கீழே வந்துவிடும். உறிகளைத் தாங்குவதற்குச் சவுக்குக் கழியிலோ இரும்புக் குழாயிலோ தனிச் சட்டம் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். கூரை தன் சுமையைத் தானே தாங்கட்டும்.

கூரைக்குத் தென்னங்கீற்றே குளிர்ச்சி. ஆனால் அது தீக்கும் காற்றுக்கும் எளிதில் இரையாகும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் நம் மாவட்டக் கரையைத் தாக்கிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாம் மறக்க இயலாது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த பெஞ்சல் புயலின் பெருமழையையும் கண்டோம். ஆகவே தூண்கள் ஆழமாக ஊன்றப்பட்டு, கூரைச் சட்டம் தூண்களோடு கம்பியால் பிணைக்கப்பட வேண்டும். தரை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருத்தல் நலம். தகரக் கூரை போடுவோர் அதன் மேல் கீற்று வேய்வார்களாக. கீற்றிலிருந்து தூசும் பூச்சியும் படுக்கையில் விழாதிருக்க, உட்புறம் துணியோ பாலிதீன் விரிப்போ கட்டுதல் வேண்டும்.

தரையில் அரை அடி மணல் பரப்பி நனைத்து வைத்தால் அறையின் ஈரம் நிலைக்கும். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்றில் தாழ்வாகவும் மற்றதில் உயரமாகவும் காற்றுவழிகள் விட்டு, ஈ நுழையாத நெருக்கமான நைலான் வலை அடிக்க வேண்டும். வாயிலில் இரண்டு கதவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு அமைத்தல் வேண்டும். ஒன்றை மூடிய பின்னரே மற்றதைத் திறக்க வேண்டும். வாயிற்படியில் கால் நனைப்பதற்கு பிளீச்சிங் தூள் கரைத்த தொட்டி இருக்கட்டும். காளானுக்கு எமனாவது இவ்வலையில் விடும் ஓர் ஓட்டையே.

ஈரமும் காற்றும் வெளிச்சமும்

ஈரத்தைப் பற்றி நெசவாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை. குழித்தறியைத் தரையில் பள்ளம் தோண்டி அமைத்த நம் முன்னோர், வறண்ட காற்றில் பாவு நூல் அறுபடும், மண்ணின் ஈரத்தில் அது தாங்கும் என்பதை அறிந்திருந்தனர். பால் காளானுக்கு மூன்றடி ஆழம் பள்ளமெடுத்து, மேலே நீல நிறப் பாலிதீன் விரிப்பு வேய்ந்து கட்டும் குடிலும் இதே அறிவின் வழிவந்தது. உழவரும் நெசவாளரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன் இத்தகைய இடத்தில்தான் தெரிகிறது.

நீர் தெளித்தால் அறை குளிர்வது எவ்வாறு என்பதையும் நம்மூர்ப் பொருளைக் கொண்டே விளக்கலாம். பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தில் மெருகிட்ட சாடியும் கிடைக்கும். சந்தையில் மண்பானையும் கிடைக்கும். மெருகிட்ட சாடியில் நீர் குளிர்வதில்லை. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகையில் பானையின் சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. சுவரில் தொங்கும் ஈரச் சாக்கும் அவ்வாறே வேலை செய்கிறது. காற்று வறண்டிருந்தால் குளிர்ச்சி மிகும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு தெளித்தாலும் குளிராது, படுக்கைதான் அழுகும்.

இதனை அளந்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் நனைந்த துணித்திரி சுற்றி வைக்க வேண்டும். இரண்டும் காட்டும் அளவு நெருங்கியிருந்தால் காற்றில் ஈரம் மிகுதி, விலகியிருந்தால் வறட்சி. கத்திரி வெயிலில் வெளியே 40 பாகை வெப்பமும் 30 சத ஈரமும் இருக்கையில், நனைந்த குமிழ் சுமார் 25 பாகையைக் காட்டும். ஈரச் சாக்கினால் அறையைக் குளிர்விக்கக்கூடிய எல்லை அதுவே; நடைமுறையில் 28, 29 பாகைக்குக் கீழே கொண்டுவருவது கடினம். சிப்பிக் காளான் விளைய 23 முதல் 25 பாகையும், 80 சதத்தையொட்டிய ஈரமும் வேண்டும்.

இக்கணக்கிலிருந்து பெறப்படுவது யாது? சூரியனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பதே. குளிரூட்டும் இயந்திரம் வைத்துக் கோடையில் சிப்பிக் காளான் விளைவிப்பது மின்கட்டணத்துக்கு உழைப்பதாகும். ஐப்பசி முதல் மாசி வரை சிப்பிக் காளானும், எஞ்சிய மாதங்களில் 30 முதல் 35 பாகை வெப்பத்தில் நன்கு விளையும் பால் காளானும் பயிரிடுதல் அறிவுடைமை. பால் காளான் படுக்கையை இழை பரவிய பின் குறுக்கே இரண்டாக வெட்டி, சுண்ணாம்புத் தூள் கலந்து ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே சுமார் 2 செ.மீ. பரப்ப வேண்டும். இப்படுக்கைகள் உறியில் தொங்காது, தட்டுகளில் இருக்க வேண்டியவை. ஆகவே உறிச் சட்டத்திலேயே தட்டு மாட்டும்படி முதலிலேயே அமைத்துவிடுவது நன்று.

ஈரத்துக்கு அஞ்சிக் காற்றுவழிகளை அடைத்துவிடலாகாது. படுக்கை மூச்சுவிடுகிறது, கரியமிலவாயு தேங்கினால் காளானின் காம்பு நீண்டு குடை சிறுக்கும். பரவும் அறைக்கு வெளிச்சம் தேவையில்லை. விளையும் அறையில் நாளிதழை வாசிக்கக்கூடிய அளவு வெளிச்சம் இருத்தல் வேண்டும்.

கருவிகளும் காவலும்

வேண்டிய தளவாடங்கள் மிகச் சிலவே: வைக்கோல் வெட்டும் கருவி, ஊறவைக்கத் தொட்டி, வேகவைக்க 200 லிட்டர் பீப்பாய்கள், புகைபோக்கியுடன் அடுப்பு, வடிக்கச் சாய்தளம், தெளிப்பான், தராசு, வெப்பமானிகள். வேகவைக்கும் கொட்டகையும் பழைய படுக்கை கொட்டும் எருக்குழியும் குடிலிலிருந்து விலகி, காற்று குடிலின் பக்கம் வீசாத திசையில் இருக்க வேண்டும். வைக்கோலை மருந்து கரைத்த நீரில் ஊறவைக்கும் முறையும் வழக்கில் உண்டு. உண்ணும் பொருளாகையால் கொதிநீரே உத்தமம் என்பது நம் கருத்து.

படுக்கைக்கு ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் வீதம் மாதத்துக்கு 1,200 கிலோ வைக்கோலும், நாளொன்றுக்கு 4 கிலோ வீதம் மாதத்துக்கு 120 கிலோ வித்தும் தேவைப்படும். வைக்கோல் மழையில் நனையாத புது வைக்கோலாக இருத்தல் வேண்டும். வித்து, வேகவைத்த சோளத்தில் வளர்க்கப்பட்டு 15 முதல் 18 நாட்கள் வயதானதாக இருத்தல் வேண்டும். பழைய வித்தை மலிவென்று வாங்குவது நஷ்டத்துக்கு முன்பணம் கொடுப்பது போன்றது.

மற்றொன்றும் கூற வேண்டும். சிப்பிக் காளான் முதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூளைப் பெருமளவில் உதிர்க்கும். அதனை நாள்தோறும் சுவாசிப்போருக்கு இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வரக்கூடும். பறிப்போர் முகக்கவசம் அணிதலும், முதிருமுன் பறித்தலும் கட்டாயமாக்கப்பட வேண்டும். நூல் தூசியால் நெஞ்சு நலிந்த நெசவாளத் தோழர்களை இவ்வேலைக்கு அமர்த்தலாகாது.

விற்ற பின்னரே விளைச்சல்

கிலோ வைக்கோலுக்கு முக்கால் கிலோ காளான் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 30 கிலோ கிடைக்கும். 200 கிராம் பொட்டலமாக்கினால் 150 பொட்டலங்கள். சிப்பிக் காளான் குளிர்பெட்டி இல்லாமல் ஒரு நாளைத் தாண்டித் தாங்காது. ஆகவே விடிந்தால் 150 வீடுகள் நமக்காகக் காத்திருக்க வேண்டும். விருத்தாசலம் சந்தை, உணவு விடுதிகள், நெய்வேலிக் குடியிருப்புகள், நம் கூட்டுறவுப் பண்டகசாலை ஆகியவற்றில் யார் எத்தனை வாங்குவர் என்று பெயர் எழுதிய பட்டியல் கையில் இல்லாதவரை, எட்டு அறைகளுக்கு அடித்தளம் போடலாகாது.

அவ்வாறாயின் தொடங்குவது எப்படி? பரவும் அறை ஒன்று, விளையும் அறை இரண்டு, ஆக மூன்றே அறைகள் கட்டுவோம். நாளொன்றுக்குப் பத்துப் படுக்கைகள் போடுவோம். 28 நாட்களில் ஓர் அறை நிரம்பும். கடைசிப் படுக்கை 53-ஆம் நாள் வெளியேறும். 56-ஆம் நாள் முடிந்த பின் அவ்வறைக்கு மீண்டும் முறை வரும். இங்கும் கழுவ மூன்று நாள் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஏழரைக் கிலோ, அதாவது 37 பொட்டலங்கள். இதனை விற்கக் கற்றுக்கொண்ட பின், வந்த லாபத்திலிருந்து நான்காவது அறை எழட்டும். மனையை மட்டும் எட்டு அறைகளுக்கும் சேர்த்து இப்போதே அளந்து ஒதுக்கி வைப்போம். கட்டுமுன், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தாரை அணுகி, உழவர் இருவரும் நெசவாளர் இருவருமாக நால்வரேனும் பயிற்சி பெற்று வருதல் வேண்டும்.

1904-இல் திரூரில் சிறு கடன் சங்கமாகத் தொடங்கிய நம் மாநிலக் கூட்டுறவு இயக்கம் ஒரே நாளில் மாளிகை எழுப்பவில்லை. சிறு பங்குகள் பல சேர்ந்தே அது வளர்ந்தது. ஒருவர் தவறினாலும் மற்றவர் தாங்குவர் என்பதே அதன் பலம். காளான் குடிலும் அதே நெறியில் எழட்டும். ஓர் அறை நோயுற்றாலும் மற்ற அறைகள் சங்கத்தைத் தாங்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் வரைபடத்தைக் கேட்குமுன் நாட்கணக்கைக் கேட்பார்களாக.